ஏகமனதான நன்றி

இடது கன்னத்தை வழித்து முடித்து, முகத்தை மறுபக்கம் திருப்பப் போன எமிலியாவின் கையைக் கிறிஸ்துநாயகம் தட்டிவிட்டார்.

"காணும். அவைக்குப் பாதி முகம் காணும்."

"சும்மா கிடவுங்கோ. ரண்டு மணிக்குப் போமெஸ்டர் வாறார். படம் எடுக்கிற ஆளும் வருதாம்."

போமெஸ்டர் என்றால் அந்தச் சிறுநகரின் நகரபிதா. டென்மார்க்கின் ஹேர்னிங்கிலிருந்து அரை மணித்தியாலம் பஸ்ஸில் போனால் வரும் ஊர் அது. ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவரும் எல்லோரையும் பெயர் சொல்லி அழைப்பார். கிறிஸ்துநாயகத்தின் பெயரை மட்டும் அவரால் ஒருபோதும் முழுதாகச் சொல்ல முடிந்ததில்லை. "கிறிஸ்து" என்று தொடங்கி, அதோடு நிறுத்தி, தானே சங்கடப்பட்டுச் சிரிப்பார்.

ஆஸ்பத்திரியின் நாலாம் மாடி அறை. சன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம் முழுக்கப் பனி. அலுமாரிக் கைபிடியில் கிறிஸ்துநாயகத்தின் கறுப்புக் கோட்டும் நீலக் கழுத்துப்பட்டியும் தொங்கின. காலையில் எமிலியா வீட்டிலிருந்து அவற்றைச் சுருக்கம் போக அழுத்திக் கொண்டுவந்திருந்தாள். காற்சட்டை கொண்டுவரவில்லை. இடுப்புக்குக் கீழே போர்வைதானே. இரண்டு மாதத்துக்கு முன்பு கணையத்தில் கட்டி என்றார்கள். இப்போது கண்வெள்ளை மஞ்சளாகி, கழுத்து ஒரு பிடிக்குள் வந்துவிட்டது. கோட்டைப் போட்டால் தோள் எலும்பில் தொங்கத்தான் செய்யும். பின்னால் இரண்டு ஊசி குத்தி இழுத்துவிடலாம் என்று யோசித்திருந்தாள்.

மகள் அஜந்தினி கட்டிலின் கால்மாட்டில் பாடசாலைப் பையோடு உட்கார்ந்திருந்தாள். பதினாறு வயது. டென்மார்க்குக்கு வந்து மூன்று வருடமும் சில மாதங்களும்தான். அதற்குள் தொலைபேசியில் அவள் பேசினால் டெனிஷ் பிள்ளை என்றே நினைப்பார்கள். நகரசபை அனுப்பிய உறையை அவள்தான் பிரித்திருந்தாள். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் நிறைவேற்றிய தீர்மானம். குடும்பத்தார் திருத்த விரும்பும் பெயர், திகதி ஏதும் உண்டா என்று கேட்டு ஒரு சிறு கடிதமும் கூடவே இருந்தது.

"இன்னொருக்கா வாசி பிள்ளை. அப்பாவுக்கு விளங்கட்டும்," என்றாள் எமிலியா.

"அப்பாவுக்கு என்னைவிட நல்லா விளங்கும் அம்மா. உங்களுக்குத்தான் வாசிக்கிறன்." அஜந்தினி தாளை விரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழில் சொன்னாள். "இந்த நகரத்தின்ர தமிழ் ஆக்களுக்கும் நிர்வாகத்துக்கும் நடுவில பாலமா இருந்து, ஏழு வருசம் மொழிபெயர்ப்பாளராச் சேவை செய்து, கஷ்டமான காலத்தில அவையிட்ட அமைதியும் பொறுமையும் இருக்கச் செய்ததுக்காக, நகரசபை ஏகமனதாத் தன்ர நன்றியைப் பதியுது."

"ஏகமனதா எண்டா?"

"ஒருத்தரும் எதிர்க்கேல்ல."

எமிலியா அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். மூன்று வருடமாக அவள் காத்திருந்தது அதற்குத்தான். தேவாலயத்தில் மாதத்தில் ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசையில் அவர்கள் இருக்கும் நீள வாங்கில் மற்றவர்கள் ஓராள் இடம் விட்டுத்தான் உட்கார்ந்தார்கள். மனைவி பிள்ளைகளை இங்கே எடுப்பதற்குத் தமிழர்கள் போட்ட விண்ணப்பங்களைக் கோப்பன்ஹேகனில் மேலிடமே சொல்லிப் பூட்டிவைத்திருந்தது என்று பத்திரிகைகளில் வந்த நாளிலிருந்து அப்படித்தான். ஒவ்வொரு நாளும் நகரசபைக் கந்தோரில் போயிருந்தவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும் என்று சனம் கதைத்தது. ஒருநாள் கோயில் முற்றத்தில் பற்றிமா அதை முகத்துக்கு நேரே கேட்டாள். எமிலியாவுக்குக் கண்மண் தெரியவில்லை. "நானும்தான் ஊரில, பேசாலையில ரண்டு வருசத்துக்கு மேல கிடந்து காய்ஞ்சனான். தெரிஞ்சிருந்தா சொந்தப் பெண்சாதியை அங்க விட்டு வைச்சிருப்பாரோ?" என்று தொண்டை கிழியக் கத்தினாள். பற்றிமா விலகிப் போனாள். வாங்கில் விட்ட இடம் மட்டும் குறையவில்லை.

இனி நகரசபையே எழுதிக் கொடுக்கப்போகிறது. சட்டம் போட்டு, சுவரில் மாட்டலாம்.

"அஜந்தினி," என்றார் கிறிஸ்துநாயகம். "நடைபாதையில ஐஸ்கட்டி மெஷின் இருக்கு. ஒரு கோப்பையில கொஞ்சம் எடுத்துக்கொண்டு வாவன். வாய் காயுது."

மகள் போனதும் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அவங்கள் பொய் எழுதேல்ல எமிலியா."

"ஆர்?"

"நகரசபைக்காரர். அமைதியும் பொறுமையும் எண்டு. அது நான் செய்ததுதான்."

எமிலியா சவரக்கத்தியைத் தண்ணீரில் அலசினாள். மருந்து மயக்கத்தில் ஏதோ சொல்கிறார் என்று நினைத்தாள். அவருடைய குரலில் மயக்கம் இல்லை. தபால்கந்தோரில் எழுதுவினைஞராக இருந்த காலத்தில் தந்தி வாசிக்கும் குரல் அது. ஒரு சொல்லுக்கும் அழுத்தம் கூடக் குறையக் கொடுக்க மாட்டார்.

"எண்பத்தெட்டு சித்திரை. கந்தையா அண்ணையைக் கூட்டிக்கொண்டு அவற்ற ஃபைல் விசயமாப் போனனான். அவரை வெளியில இருக்கச் சொல்லிப்போட்டு, கந்தோர் மனுசி கதவைச் சாத்தினா. கோப்பன்ஹேகனில தமிழ் ஆக்களின்ர ஒரு கடதாசியும் அசையேல்லையாம். மேலிடத்துச் சொல்லாம். எப்ப அசையும் எண்டு தனக்கும் தெரியாதாம். இதை நீ வெளியில கதைக்கக் கூடாது, ரகசியம் காப்பன் எண்டு மொழிபெயர்ப்பாளராக் கையெழுத்து வைச்சனி எண்டா."

"பிறகு?"

"பிறகு கதவைத் திறந்து கந்தையா அண்ணையை உள்ளுக்குக் கூப்பிட்டா. உங்கட விண்ணப்பம் பரிசீலனையில இருக்கு எண்டு டெனிஷில சொன்னா. நான் அதைத் தமிழில சொன்னன்."

வெளியே நடைபாதையில் சாப்பாட்டு வண்டி உருண்டு போகும் சத்தம் கேட்டது. எமிலியாவின் கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

கந்தையாவை அவளுக்குத் தெரியும். கொக்குவில்காரர். ஹேர்னிங்கில் துணி நெய்யும் தொழிற்சாலையில் வேலை. மனைவி செல்வமலரைக் கொழும்பால் ஏஜென்சி மூலம் ஜேர்மனிக்கு எடுத்து, அங்கிருந்து கொண்டுவர எல்லாம் ஒழுங்காகியிருந்தது. பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டார். அந்த ஆவணியில் செல்வமலர் சந்தைக்குப் போன இடத்தில், சந்தியில் கண்ணிவெடி வெடித்தது. இந்தியன் ஆமி கண்டபாட்டுக்குச் சுட்டது. இரண்டு கிழமை கழித்துத்தான் இங்கே செய்தி வந்தது. அந்த அஞ்சலியிலும் கிறிஸ்துநாயகம்தான் கூட நின்று டெனிஷ்காரர்களுக்கு மொழிபெயர்த்தவர்.

"ஏஜென்சியால எடுப்பமோ எண்டு அவர் உங்களைத்தானே கேட்டவர்?"

"ஓம். வேண்டாம், ஒழுங்கான வழியால வரட்டும், அவசரப்பட்டா ஃபைல் பழுதாப் போயிடும் எண்டு சொன்னன். அப்பிடித்தான் எல்லாருக்கும் சொல்லச் சொன்னவை."

எமிலியா கையை வெளியே எடுத்தாள்.

"எனக்கும் எழுதினீங்கள். அந்த ஆனியில. அண்ணன் வள்ளம் ஒழுங்குபண்ணி ராமேஸ்வரத்துக்குப் போவம் எண்டு நிண்டவர். வள்ளத்தில கால் வைக்காதையும், அடுத்த மாதம் கடதாசி வரும் எண்டு எழுதினீங்கள்."

"ஓம்."

"அப்பவும் தெரியுமோ?"

"ஓம்."

அந்தக் கடிதத்தை நம்பி அவள் இருந்த பதினைந்து மாதங்கள் எமிலியாவுக்கு நினைவு வந்தன. ஆமியின் சுற்றிவளைப்பு என்று கேள்விப்பட்டதும் ஒருநாள் விடிகாலையில் அடுப்படியில் வைத்து, பன்னிரண்டு வயது மகளின் நீளத் தலைமயிரைக் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டினாள். அண்ணன் மகனின் காற்சட்டையைப் போட்டுவிட்டாள். பிள்ளை கண்ணாடியைப் பார்க்கவில்லை. அன்று தொடங்கி ஒன்பது மாதம் அந்தப் பிள்ளை பெடியன் மாதிரியே குந்தியிருந்து, பெடியன் மாதிரியே நடந்து, வீட்டுக்குள்ளும் குரலை உயர்த்தாமல் திரிந்தது. ஒவ்வொரு மாதமும் எமிலியா மகளுக்குச் சொன்ன ஒரே சமாதானம், அடுத்த மாதம் என்பதுதான்.

"எனக்கெண்டாலும் ஏன் சொல்லேல்ல?"

"உமக்கு எழுதினா நீர் உம்மட அண்ணைக்குச் சொல்லுவீர். அவர் ஊருக்குச் சொல்லுவார். அங்கயிருந்து எல்லாரும் இஞ்ச எழுதுவினம். கையெழுத்து வைச்ச ஆள் நான் ஒருத்தன்தான் எமிலியா. ஆர் சொன்னது எண்டு தேட வேண்டியதில்லை. என்ர வேலையும் போகும், எங்கட ஃபைலும் அடியில போகும் எண்டு நினைச்சன்."

அப்போதுதான் எமிலியாவுக்கு அந்த யோசனை வந்தது. வரக்கூடாது என்று ஒரு கணம் கண்ணை மூடிப் பார்த்தாள். வந்துவிட்டது. எண்பத்தொன்பது புரட்டாதியில் பூட்டுத் திறந்தபோது, அந்த நகரத்துக் குடும்பங்களில் முதல் கடதாசி வந்தது அவர்களுக்குத்தான். மற்றவர்களுக்கு நான்கு மாதம், ஆறு மாதம் பிந்தித்தான் வந்தது. அன்று அவள் பேசாலைக் கோயிலில் முழங்காலில் நின்று ஒரு கட்டு மெழுகுதிரி கொளுத்தினாள்.

"எங்கட கடதாசி எப்பிடி முதல்ல வந்தது?"

பாதி முகத்தில் சவர்க்கார நுரை காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது.

"நான் கேக்கேல்ல," என்றார் கடைசியில். "கேக்காமலே வந்தது."

எமிலியா துவாயை எடுத்துக் கையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"கந்தையா அண்ணையிட்ட நீர் சொல்லும்," என்றார் அவர். "நாலு வருசமா நான் சொல்லப் பாக்கிறன். ரண்டு தரம் அவற்ற வீட்டு வாசல் மட்டும் போனனான். என்னால ஏலாமப் போட்டுது."

எமிலியா சவரக்கத்தியை மறுபடி எடுத்தாள். அவருடைய தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பினாள். புது நுரை பூசினாள். வலது கன்னத்தை மேலிருந்து கீழாக, எப்போதும் போலவே கவனமாக வழித்தாள். எங்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

அஜந்தினி ஐஸ்கட்டியோடு வந்தபோது தாதியும் கூடவே வந்தாள். தாதி கட்டிலுக்குப் பக்கத்தில் வராமல் கதவடியிலேயே நின்று மகளிடம் ஏதோ சொன்னாள். சொல்லும்போது நிலத்தைப் பார்த்தாள்.

"போமெஸ்டர் இண்டைக்கு வரேல்லையாம்," என்றாள் அஜந்தினி. "நேற்று அரசாங்கம் விழுந்துட்டுதெல்லே. தமிழ் ஆக்களின்ர கடதாசியைப் பூட்டிவைச்ச அந்த விசயத்தாலதான். அவரும் அதே கட்சியாம். காலமையிருந்து ஒரே ரெலிபோனாம், கூட்டமாம். திங்கட்கிழமை கட்டாயம் வருவாராம். மன்னிக்கச் சொல்லுறார்."

கிறிஸ்துநாயகத்தின் நெஞ்சு குலுங்கியது. எமிலியா பயந்து குனிந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"திங்கட்கிழமையோ? நல்லது. நான் பொறுமையா இருப்பன் எண்டு அவருக்குச் சொல்லச் சொல்லு பிள்ளை."

அஜந்தினி அதை டெனிஷில் சொன்னாள். தாதி நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிறிஸ்துநாயகம் இறந்துபோனார். அஜந்தினி கீழே அவளுடைய சிநேகிதிக்கு ரெலிபோன் எடுக்கப் போயிருந்தாள். மூச்சு ஒன்று வந்தது. அடுத்த மூச்சுக்காக எமிலியா காத்திருந்தாள். கீழே பனி வழிக்கும் வண்டி கார் நிறுத்துமிடத்தை இரண்டுமுறை சுற்றி முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு மணியை அழுத்தினாள்.

தாதி வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, சன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டாள். இறந்தவரின் உயிர் போக வழிவிடுவது அந்த ஊர் வழக்கம். குளிர் உள்ளே வந்தது. தாதி போனதும் எமிலியா எழுந்து போய்ச் சன்னலைச் சாத்திவிட்டு வந்தாள்.

முகம் மழுமழுவென்று இருந்தது. ஒருநாள் தாடிகூட முளைத்திருக்கவில்லை. அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை. வாயில் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு, பதில் சொல்லும் ஆள் எழும்பிப் போய்விட்டால் எப்படியிருக்கும், அப்படி இருந்தது.

அடக்கம் வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று. அந்த ஆறு நாளும் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். மூன்று வருடம் வராதவர்களும் வந்தார்கள். பற்றிமா ஒரு பெரிய சட்டி நிறைய இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து அடுப்படியில் வைத்துவிட்டு, எமிலியாவைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

"நான் அண்டைக்கு நாக்கில நரம்பில்லாமக் கேட்டுட்டன் அக்கா. நகரசபையில சும்மா ஒரு ஆளுக்குப் பட்டயம் குடுப்பாங்களோ? இனிச் சனத்தின்ர வாய் அடங்கும்."

எமிலியா அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அன்று முற்றத்தில் தான் போட்ட சத்தம் காதுக்குள் கேட்டது. எவ்வளவு உறுதியாகக் கத்தினாள். தெரிந்திருந்தால் சொந்தப் பெண்சாதியை விட்டு வைத்திருப்பாரோ. விட்டு வைத்திருந்தார். தனக்கு ஒன்றும் தெரியாது என்று சாட்சி சொல்ல அவளையே சனத்தின் முன்னால் விட்டும் இருந்தார். அவள் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது, அந்த மனிதர் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி, "ஏன் தேவையில்லாமச் சண்டைக்குப் போறீர்?" என்று மட்டும்தான் கேட்டார்.

புதன்கிழமை நகரசபையிலிருந்து தொலைபேசி வந்தது. அடக்கத்துக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் கோப்பி குடிக்கும் நேரம், தீர்மானத்தை நகரபிதா தானே வாசிக்க விரும்புகிறார், குடும்பத்துக்குச் சம்மதமா?

"வாசிக்கட்டும் எண்டு சொல்லு," என்றாள் எமிலியா.

அஜந்தினி சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைக்கப்போனாள்.

"வையாதை. கந்தையா மாமாவுக்கு எடு."

"அவர் வரமாட்டார் அம்மா. எங்களோட கதைக்கிறதே இல்லை."

"அம்மா வரச் சொல்லுறா எண்டு சொல்லு."

அதைச் சொன்ன பிறகும் அவள் முடிவெடுத்திருக்கவில்லை. அந்த மனிதர் மனைவியை ஒருமுறை இழந்து, எப்படியோ நான்கு வருடம் வேலைக்குப் போய் வந்து சமைத்துச் சாப்பிட்டு உயிரோடு இருக்கிறார். இன்னொருமுறை அவர் கையில் அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதா? கொடுக்காவிட்டால் யாருக்கு நட்டம்? செத்தவருக்கு இல்லை. மகளுக்கு நல்லது. இந்த வீட்டுக்கு நல்லது. சுவரில் ஆணி அடிக்க வேண்டியதுதான் மிச்சம். இப்படி யோசித்துக்கொண்டு போகப்போக, கிறிஸ்துநாயகம் நான்கு வருடமும் எப்படி யோசித்திருப்பார் என்பது அவளுக்குத் துல்லியமாக விளங்கியது. அது விளங்கியதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. ஆயுள் முழுக்க மற்றவர்களுடைய பேச்சைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர், தன்னுடைய ஒரேயொரு பேச்சைப் பெண்சாதியின் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை நிலம் உறைந்திருந்ததால் குழியை இயந்திரம் வைத்து வெட்டியிருந்தார்கள். மண் கட்டி கட்டியாகப் பெட்டியின் மேல் விழுந்தது. கந்தையா ஆட்களுக்குப் பின்னால், ஒரு மரத்தடியில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மண் போட முன்னுக்கு வரவில்லை.

மண்டபத்தில் நீள மேசைகளில் டெனிஷ் பாண்துண்டுகளும் பற்றிமா வீட்டு ரோல்ஸும் வடையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நகரபிதா உயரமான மனிதர். குளிரில் கன்னம் சிவந்திருந்தது. எமிலியாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டபோது அவருடைய கண்கள் உண்மையிலேயே கலங்கியிருந்தன. அதுதான் எமிலியாவுக்கு எரிச்சலாக இருந்தது. அவர் கெட்ட மனிதராக இருந்திருந்தால் லேசாக இருந்திருக்கும்.

அவர் எழுந்து சட்டம் போட்ட தீர்மானத்தைக் கையில் எடுத்தார். அஜந்தினி அவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். போகுமுன் எமிலியா அவளுடைய காதுக்குள் சொன்னாள்:

"ஒரு சொல்லும் விடாதை. ஒரு சொல்லும் கூட்டாதை."

நகரபிதா ஒரு வரி வாசிப்பார், நிறுத்துவார். அஜந்தினி தமிழில் சொல்வாள். பாலம். ஏழு வருடம். சேவை. சனம் தலையை ஆட்டியது. பற்றிமா மூக்கைத் துடைத்தாள். பிறகு அந்த வரி வந்தது.

"கஷ்டமான காலத்தில, அவையிட்ட, அமைதியும் பொறுமையும் இருக்கச் செய்ததுக்காக…"

எங்கேயோ ஒரு கரண்டி கோப்பையில் முட்டி நின்றது. அங்கிருந்த தமிழர்களில் அரைவாசிப் பேர் அந்தக் காலத்தில் மனைவிக்கோ பிள்ளைக்கோ காத்திருந்தவர்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"…நகரசபை ஏகமனதாத் தன்ர நன்றியைப் பதியுது."

டெனிஷ்காரர்கள் சிலர் கை தட்டினார்கள். அதைப் பார்த்துத் தமிழர்களும் தட்டினார்கள். தட்டி ஓய்ந்ததும், பின்னால் கோட்டுகள் மாட்டியிருந்த இடத்திலிருந்து கந்தையாவின் குரல் வந்தது. அவர் சத்தமாகச் சொல்லவில்லை.

"ஓம். பொறுமையாத்தான் இருந்தம்."

நகரபிதா அந்தப் பக்கம் திரும்பி, பிறகு குனிந்து அஜந்தினியிடம் அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். அஜந்தினி தாயைப் பார்த்தாள். எமிலியா தலையசைத்தாள். மகள் அதை டெனிஷில் சொன்னாள். நகரபிதா நெஞ்சில் கை வைத்து, கந்தையாவை நோக்கித் தலையைத் தாழ்த்தினார். நன்றி சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

எமிலியா ஒரு கோப்பையில் கோப்பி வார்த்து, பாலும் சீனியும் போட்டுக் கலக்கி எடுத்துக்கொண்டு, மேசைகளுக்கு நடுவால் பின்னுக்குப் போனாள். கந்தையாவின் நெற்றியில் விபூதி மெல்லிய கோடாக இருந்தது. வயது ஐம்பது இருக்கும். பார்வைக்கு அதைவிடக் கூடத் தெரிந்தது.

"கூப்பிட்டீங்களாம் தங்கச்சி. அதுதான் வந்தனான்."

"இதைக் குடியுங்கோ அண்ணை."

அவர் வாங்கிக்கொண்டார். எமிலியா கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, கிறிஸ்துநாயகம் சொன்ன அதே ஒழுங்கில் சொன்னாள். சித்திரை மாதம். கதவு சாத்தியது. மேலிடத்துச் சொல். கையெழுத்து. கதவு திறந்தது. நடுவில் எங்கும் நிறுத்தவில்லை, அவருக்காக மன்னிப்பும் கேட்கவில்லை.

கந்தையா கோப்பியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் வெளியில கதிரையில இருந்தனான்," என்றார். "கதவு திறக்கேக்க அவர் என்னைப் பாத்துச் சிரிச்சவர். நான் நல்ல செய்தியெண்டு நினைச்சன்."

அவர் கோப்பையை மறுகைக்கு மாற்றினார்.

"அண்டைக்குப் பின்னேரமே ஏஜென்சிக்காரனுக்கு ரெலிபோன் எடுத்து வேண்டாம் எண்டுட்டன். அவன் ஏசினான். அந்த வைகாசியிலயே கொண்டுபோய்ச் சேர்ப்பன் எண்டு நிண்டவன்."

அவர் விரலால் கோப்பை விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தார். சித்திரைக்கும் ஆவணிக்கும் நடுவிலுள்ள மாதங்களை எண்ணுகிறார் என்று எமிலியாவுக்குப் பட்டது.

"எங்கட கடதாசிதான் முதல் வந்தது அண்ணை," என்றாள் அவள். யாரும் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "நானும் பிள்ளையும்தான் முதல் வந்தனாங்கள்."

கந்தையா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளைத் தாண்டி மண்டபத்தின் மறுமுனைக்குப் போனது. அங்கே நகரபிதாவோடு நின்ற அஜந்தினியின் முதுகில் நீளப் பின்னல் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தபடியே கோப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தார். வெறுங்கோப்பையை எமிலியாவின் கையில் திருப்பிக் கொடுத்தார். கோட்டை எடுத்துப் போட்டார். தொப்பியை வைத்துக்கொண்டு வெளியே போனார்.

ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். நகரபிதாவும் விடைபெற்றார். எமிலியா சன்னலோரத்து மேசையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மண்டபத்துப் பின்வளவு சிறியது. கடைசியாக வந்த கந்தையாவின் பழைய சிவப்புக் கார் அதன் ஒரே வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால், வளவின் உள்ளே, நகரபிதாவின் கார். சிவப்புக் காரின் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பின்குழாயிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. கண்ணாடிகளை யாரும் சுரண்டவில்லை. நான்கு பக்கமும் உறைபனி தடித்துப் படிந்து உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

நகரபிதா தன்னுடைய காரின் கதவைத் திறந்து பார்த்தார், திரும்பச் சாத்தினார். சிவப்புக் காருக்குப் பக்கத்தில் போய்க் கண்ணாடியில் இரண்டு விரலால் மெல்லத் தட்டினார். ஏதோ சொன்னார். இன்னொருமுறை தட்டினார். பிறகு ஒதுங்கி நின்றார்.

"அம்மா," என்றாள் அஜந்தினி. "கந்தையா மாமா போமெஸ்டரை மறிச்சுக்கொண்டு நிக்கிறார். நான் போய்ச் சொல்லட்டோ?"

"அந்த மேசையில கோப்பையள் கிடக்கு. எடுத்துக்கொண்டு வா."

மகள் போனாள். எமிலியா ஒரு தட்டிலிருந்து பாண்துகள்களை மற்றத் தட்டில் தட்டினாள். வெளியே பனி பொழியத் தொடங்கியிருந்தது. நகரபிதா கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நின்றார். அவருடைய தொப்பியில்லாத தலையில் பனி விழுந்து, உருகாமல், சேரத் தொடங்கியது.